எண்ணூர்க் கழிமுகம்: உயிரற்றவற்றின் வரலாறு

பள்ளி அறிவியலில் சூழ்நிலை மண்டலம் என்றொரு பாடம் உண்டு. கரும்பலகையின் நடுவே ஒரு கோடு போட்டு, இடது பக்கம் உயிருள்ள காரணிகள், வலது பக்கம் உயிரற்ற காரணிகள் என்று எழுதச் சொல்வோம். இடது பக்கம் மளமளவென்று நிரம்பும்: மீன், தவளை, தாமரை, கொக்கு, பாசி, பாம்பு. வலது பக்கத்துக்கு ஐந்து சொல் போதும்: காற்று, நீர், மண், ஒளி, வெப்பம். ஒரு குளத்தின் படம் வரைந்துவிட்டால் பாடம் முடிந்தது.

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் இடையில் உள்ள பள்ளிகளில் அறிவியல் ஆசிரியையாக இருந்த காலமெல்லாம் இந்தப் பாடத்தை நடத்தியிருக்கிறேன். எங்கள் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் மீனவர் குப்பத்திலிருந்து வருவார்கள். மீதிப் பாதி கம்பெனி வேலைக்காரர்களின் பிள்ளைகள். தாமரைக் குளத்தைப் பார்க்காத பிள்ளைகள்கூட, கொசஸ்தலை ஆறு கடலில் சேருகிற முகத்துவாரத்தைப் பார்த்திருப்பார்கள். அதனால் குளத்தை விட்டுவிட்டு அந்தக் கழிமுகத்தையே பாடமாக வைத்துக்கொண்டேன். வருடாவருடம் அதே பட்டியலை அதே இடத்துக்குப் போட்டுப் பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. எண்ணூரில் நடந்த கேடுகள் பெரும்பாலும் வலது பக்கத்தில்தான் தொடங்கின. முதலில் மணல் இடம் மாறியது. பிறகு நன்னீர் குறைந்தது. பிறகு தண்ணீரில் சூடு ஏறியது, சாம்பல் படிந்தது. இடது பக்கத்தில் மீன் குறைந்ததும் இறால் குறைந்ததும் அதற்குப் பின்னால் வந்தவை. ஐந்து சொல்லில் நாம் கடந்துபோகிற உயிரற்றவற்றுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றுக்கு ஆண்டு இருக்கிறது, காரணம் இருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுக்காவிட்டால் இந்தக் கடற்கரைப் பிள்ளைகளுக்கு நாம் பாதிப் பாடத்தைத்தான் சொல்லிக் கொடுக்கிறோம்.

சூழ்நிலை மண்டலம் என்ற கருத்து பிறந்ததே வலது பக்கத்துக்காகத்தான். 1935-ல் ஆர்தர் டான்ஸ்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். அதுவரை செடிகளும் விலங்குகளும் சேர்ந்த கூட்டத்தை மட்டுமே தனியாக வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். மண்ணையும் தட்பவெப்பத்தையும் விலக்கிவிட்டு உயிர்களை மட்டும் புரிந்துகொள்ள முடியாது, இரண்டும் சேர்ந்ததே ஒரு மண்டலம் என்று டான்ஸ்லி வாதிட்டார். இன்று உலகம் முழுக்கப் பாடப் புத்தகங்களில் இருக்கும் கருத்து அதுதான்.

நம் இலக்கணத்தில் இதற்கு நெருக்கமான ஓர் ஒழுங்கு மிகப் பழங்காலத்திலேயே இருக்கிறது. தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் திணையைப் பிரிக்கும்போது நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைக்கிறது. உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் எல்லாம் அதற்கு அடுத்த கருப்பொருளில் வருகின்றன. இதில் இரண்டு செய்திகள் ஓர் ஆசிரியைக்கு முக்கியமானவை. ஒன்று, பொழுது, அதாவது காலம், முதல் வரிசையிலேயே இருக்கிறது. நம் கரும்பலகைப் பட்டியலில் காலத்துக்கு இடமே இல்லை. இரண்டு, மீன் பிடிப்பதும் உப்பு விளைவிப்பதும் நெய்தலின் கருப்பொருளாக அங்கே இருக்கின்றன. மனிதரின் தொழிலும் அந்த நிலத்தின் ஒரு பகுதி. வடசென்னையைப் பற்றிப் பேசுகிறவர்களால் இந்த இரண்டும் இல்லாமல் பேச முடியாது.

மணல்

வடசென்னையின் கதையை நான் மணலிலிருந்து தொடங்குவேன். சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி கரையோர நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே போகும். சென்னை மீனவர்கள் அதைத் தெண்டி என்பார்கள். வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய சில மாதங்கள் வடக்கிலிருந்து தெற்கே ஓடும், அது வன்னி. இரண்டும் மணலை அள்ளிக்கொண்டு போகின்றன. தெண்டி கொண்டுபோகும் அளவுக்கு வன்னி திருப்பிக் கொண்டுவருவதில்லை. மொத்தக் கணக்கில் மணல் வடக்கு நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிறது. சென்னைத் துறைமுகம் கட்டப்படும்வரை அதன் வழியில் பெரிய தடை ஏதும் இருக்கவில்லை.

அந்தக் காலத்தில் கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி, திறந்த கடலில் நங்கூரம் போட்டன. ஆட்களையும் சரக்கையும் மசூலாப் படகுகள் அலையைக் கடந்து கரைக்குக் கொண்டுவந்தன. 1875 டிசம்பரில் பிரிட்டிஷ் இளவரசர், பிற்பாடு ஏழாம் எட்வர்டு மன்னர் ஆனவர், துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கடலுக்குள் கல்லால் சுவர் எழுப்பினார்கள். 1881-ல் வந்த புயல் அந்த வேலையைச் சிதைத்தது. மறுபடியும் கட்டினார்கள். கிழக்கே பார்த்த வாயில் வழியாக அலையும் மணலும் உள்ளே வந்து தொல்லை கொடுத்ததால், 1904-ல் பொறுப்பேற்ற பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற பொறியாளரின் காலத்தில் அதை மூடி வடகிழக்கில் புது வாயில் அமைத்தார்கள்.

கப்பலுக்கு அமைதியான நீர் கிடைத்தது. மணலுக்கு வழி மறிக்கப்பட்டது. சுவரின் தென்பக்கம் மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகன்றது. வடபக்கத்துக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. இருந்த மணலைத் தெண்டி வழக்கம்போல வடக்கே கொண்டுபோனது. ராயபுரத்தில் தொடங்கிய அரிப்பு காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எர்ணாவூர் என்று ஏறிக்கொண்டே வந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1-ல் புறப்பட்ட ராயபுரம், தன் கடற்கரையைப் பறிகொடுத்த முதல் ஊராகவும் ஆனது. இன்று அந்தக் கரை நெடுகப் பாறைகள். அவற்றுக்கு நடுவே, கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகள். ஒரு தூண்டில் வளைவு தனக்குத் தெற்கே மணலைப் பிடித்து வைக்கும்போது அடுத்த வடக்குக் குப்பத்துக்கு மணல் குறைகிறது. சின்ன அளவில் துறைமுகச் சுவரின் கதையேதான் அது.

"மெரினாவுல மணலு இருக்கு, நம்ம ஊர்ல மட்டும் ஏன் மிஸ் கல்லு?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். பள்ளியில் இருந்த பெரிய தகரத் தட்டில் மணல் பரப்பி, தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு செங்கல்லை வைத்தோம். ஒரு பக்கத்திலிருந்து அட்டையால் தண்ணீரைத் தள்ளித் தள்ளி விட்டோம். கொஞ்ச நேரத்தில் செங்கல்லின் ஒரு பக்கம் மேடாகி மறுபக்கம் தட்டின் அடித்தகரம் தெரிந்தது. அதற்குப் பிறகு நான் அந்தப் பிள்ளைக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இங்கே இடது பக்கத்துக்கு என்ன ஆனது என்று கேட்டால் வகுப்பே பதில் சொல்லும். பங்குனி ஆமை முட்டையிட ஈரமும் இளக்கமுமான மணல் வேண்டும். பாறைச் சுவரில் அது ஏற முடியாது. கரையில் நின்று ஊரே சேர்ந்து இழுக்கிற பெரிய வலைக்கு அகலமான மணற்கரை வேண்டும். கட்டுமரம் ஏற்றி வைக்கவும், மீன் காயப்போடவும், வலை பரப்பிப் பழுது பார்க்கவும் மணல் வேண்டும். மணல் பட்டியலின் வலது பக்கத்தில் இருக்கிற, துளிக்கூட உயிர் இல்லாத பொருள். அது போனபோது ஆமையும் போனது, ஒரு தொழிலும் போனது.

உப்பும் நன்னீரும்

அடுத்தது தண்ணீர். கழிமுகத்துத் தண்ணீரில் எவ்வளவு உப்பு என்பதுதான் அங்கே யார் வாழலாம் என்று தீர்மானிக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். ஆற்று நீரில் மிகச் சொற்பம். இரண்டும் கலக்கிற இடத்தில் ஓதம் ஏறும்போது ஒரு கணக்கு, இறங்கும்போது ஒரு கணக்கு, மழைக் காலத்தில் வேறொரு கணக்கு. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. பொடிக் குஞ்சுகள் ஓதத்தோடு முகத்துவாரம் வழியாகக் கழிக்குள் வந்து, உப்பு குறைந்த நீரில், சேற்றில் கிடைக்கிற இரையைத் தின்று சில மாதம் வளர்ந்து, மறுபடி கடலுக்குத் திரும்புகின்றன. நெட்டுக்குப்பம் பக்கத்தில் ஒரு பெரியவர் என் மாணவர்களுக்குச் சொன்னது இதைவிடச் சுருக்கமானது: "மொகத்துவாரம் தூந்துட்டா எறா உள்ள வராது. எறா வரலன்னா எங்க வூட்ல அடுப்பு எரியாது, டீச்சரம்மா."

இந்த உப்புக் கணக்கில் மனிதர்கள் கைவைத்த வரலாறு இருநூறு ஆண்டுக்கும் மேல். 1805-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்தில் உப்பைத் தன் ஏகபோகம் ஆக்கியது. அடுத்த ஆண்டு, 1806-ல், பாசில் காக்ரேன் என்ற வணிகர் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே ஒரு கால்வாய் வெட்டத் தொடங்கினார். பிறகு அது பழவேற்காட்டுக்கும் அதற்கு அப்பாலும் நீண்டது. 1876 முதல் 1878 வரையான பெரும்பஞ்சத்தில் நிவாரண வேலையாக நகரத்துக்குள் அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் பகுதியை வெட்டினார்கள். அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு வந்தது. அதன் வழியே உப்பு போனது, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விறகு வந்தது, சுண்ணாம்புச் சூளைகளுக்குக் கிளிஞ்சல் வந்தது. படகுக்காக வெட்டிய அந்த வழி, தனித்தனியாக இருந்த நீர்நிலைகளை ஒன்றோடொன்று கோத்துவிட்டது. சரக்கு போவது நின்ற பிறகும் கால்வாய் வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது. நகரத்தின் கழிவையும் மணலித் தொழிற்சாலைகளின் கழிவையும் எண்ணூருக்குக் கொண்டுவருவது அதுதான்.

என் அப்பா அத்திப்பட்டு உப்பளத்தில் கணக்கெழுதியவர். கடல்நீரைத் தெப்பத்தில் நிறுத்தி, வெயிலில் காயவிட்டு, பாத்தி பாத்தியாக மாற்றுவார்கள். நீரின் அடர்த்தியை அளக்கிற மானியை விட்டுப் பார்த்தால் கடல்நீர் மூன்று டிகிரி சுற்றிக் காட்டும். இருபத்தைந்தை நெருங்கும்போது உப்பு படியத் தொடங்கும். அப்பா அந்த மானியைப் பார்த்துச் சொல்கிற எண்ணுக்காக ஆட்கள் வாருபலகையோடு காத்திருப்பார்கள். வெயில், காற்று, நீரின் அடர்த்தி என்ற மூன்று உயிரற்ற காரணிகளை ஒவ்வொரு நாளும் அளந்து, அதிலே பிழைத்த மனிதர்கள் அவர்கள். எண்ணூர்ப் பகுதியின் உப்பளங்கள் பலவும் பிற்பாடு தொழில் நிறுவனங்களுக்கான நிலமாக மாறின. உப்பளம் மழைக் காலத்தில் வெள்ளம் பரவி நிற்கிற இடமும்கூட என்பதை அந்த மாற்றத்தில் யாரும் பொருட்படுத்தவில்லை.

நன்னீர்ப் பக்கமும் ஒரு தேதி உண்டு. கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டியில் அணை கட்டி முடித்தது 1944-ல். சென்னையின் மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் முயற்சி அது. நீர்த்தேக்கத்துக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. அந்த அணை இல்லாமல் இந்த நகரத்துக்குக் குடிக்கப் போதிய தண்ணீர் இருந்திருக்காது. அதை நான் எப்போதும் முதலில் சொல்லிவிடுவேன். அதே மூச்சில், முகத்துவாரத்துக்கு வந்துகொண்டிருந்த ஆற்று நீரின் கணக்கு அன்றிலிருந்து மாறிவிட்டது என்பதையும் சொல்வேன். மழை குறைந்த ஆண்டுகளில் கழிமுகத்துக்கு வருவது சொற்பம். தள்ளிவிட ஆற்று நீர் இல்லாதபோது கடல் கொண்டுவந்து போடும் மணல் முகத்துவாரத்தை அடைக்கிறது. மணலின் கதையும் நீரின் கதையும் முட்டிக்கொள்கிற இடம் அது.

சூடும் சாம்பலும்

1970-ல் எண்ணூர் அனல் மின் நிலையத்தின் முதல் அலகு ஓடத் தொடங்கியது. ஐந்து அலகுகளுமாகச் சேர்ந்து 450 மெகாவாட். 2017 மார்ச் மாதத்தோடு அதை மூடிவிட்டார்கள். ஆனால் 1990-களின் நடுவில் கழிமுகத்தின் வடபக்கம் வடசென்னை அனல் மின் நிலையம் 630 மெகாவாட்டோடு வந்துவிட்டது. பிறகு அதன் இரண்டாம் கட்டமாக 1,200 மெகாவாட் சேர்ந்தது. வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம் வந்தது. நிலக்கரி இறக்குவதற்கென்றே முதலில் திட்டமிட்ட எண்ணூர்த் துறைமுகம் 2001-ல் திறந்தது. இன்று அதன் பெயர் காமராஜர் துறைமுகம். ஒரு சின்னக் கழிமுகத்தைச் சுற்றி இத்தனையும்.

அனல் மின் நிலையம் தன்னைக் குளிர்விக்க நீரை எடுக்கும், சூடாகத் திருப்பி விடும். தண்ணீரில் சூடு ஏறினால் என்ன ஆகும் என்பது பிள்ளைகளுக்கு உடனே தோன்றாது. "மீன் வெந்துடுமா மிஸ்?" என்பார்கள். சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறையும். 25 டிகிரி நன்னீர் ஒரு லிட்டரில் எட்டு மில்லிகிராமுக்குச் சற்று மேல் வைத்திருக்க முடியும். 35 டிகிரியில் ஏழு மில்லிகிராம்தான். உப்பு நீரில் இன்னும் குறைவு. மீனுக்கோ சூட்டில் மூச்சு அதிகம் தேவைப்படும். தேவை கூடும்போது இருப்பு குறைகிறது. வெப்பம் என்று வலது பக்கத்தில் எழுதுகிற ஒற்றைச் சொல்லுக்குள் இத்தனை விஷயம் இருக்கிறது.

சாம்பலைக் கணக்குப் பாடமாகவே நடத்தலாம். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பலின் பங்கு அதிகம்; நூறு கிலோ எரித்தால் முப்பது, நாற்பது கிலோ சாம்பல் மிஞ்சும். அதைத் தண்ணீரோடு கலந்து குழம்பாக்கிக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். செப்பாக்கம் கிராமம் அப்படியொரு சாம்பல் குளத்தின் ஓரத்தில் இருக்கிறது. குழாய் கசிந்த இடங்களில் அந்தக் குழம்பு கொசஸ்தலையின் உப்பங்கழியில் பரவிப் படிந்தது. ஆழமாக இருந்த இடங்கள் மேடாகின. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் மீனவர்கள் பல ஆண்டு போராடினார்கள். 2022-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இந்தச் சாம்பல் மாசைப் பற்றித் தீர்ப்பளித்து, கழிமுகத்தைச் சீரமைக்க உத்தரவிட்டது.

இந்தப் படிவின் பொருள் என்னவென்று எனக்கு உணர்த்தியவர்கள் இருளர் பழங்குடிப் பெண்கள். இடுப்பளவு நீரில் குனிந்து, சேற்றில் விரலால் துழாவி இறால் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். சேறு எங்கே இளக்கம், எங்கே இறுக்கம், எதற்குள் இறால் புதையும் என்று அவர்களின் விரலுக்குத் தெரியும். "இது சேறு இல்லம்மா, சாம்பலு. இதுல எறா ஒக்காராது" என்று ஒருவர் கையில் எடுத்துக் காட்டினார். மண் வகைகள் என்ற தலைப்பில் நான் படித்த எதிலும் இவ்வளவு நுட்பமான பாகுபாடு இல்லை.

கோட்டில் நிற்காதவை

பட்டியலை இரண்டாகப் பிரித்ததும் வகுப்பில் எப்போதும் ஒரு சண்டை வரும். கிளிஞ்சல் எந்தப் பக்கம்? அது கல் மாதிரி இருக்கிறது, அசையாது. ஆனால் ஒரு உயிர் தன் உடம்பைச் சுற்றிக் கட்டிய வீடு. சென்னையின் பழைய கட்டடங்களுக்கு வழவழப்புக் கொடுத்த சுண்ணாம்பு அதிலிருந்து வந்தது. ஒரு காலத்தின் உயிர் இன்னொரு காலத்தின் உயிரற்ற பொருள் ஆகிறது. பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்டால் அடுத்தது தானாக வரும்: "அப்ப நிலக்கரி, மிஸ்?" ஒடிசாவின் தால்சேரிலிருந்து கப்பலில் வருகிற கரி, இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய சதுப்புக்காட்டு மரங்கள். மணலியில் 1969 முதல் சுத்திகரிக்கிற கச்சா எண்ணெய், பண்டைக் கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் மிச்சம். எண்ணூரைச் சுற்றி இன்று எரிவதும் கசிவதும் என்றோ உயிராக இருந்தவைதான். மண்ணுக்கடியில் புதைந்து கிடந்தவரை அவற்றால் கெடுதல் இல்லை. கோடி கோடி ஆண்டு சேர்ந்ததை ஐம்பது, அறுபது ஆண்டுக்குள் ஒரு கழிமுகத்தின் கரையில் எரிப்பதுதான் சிக்கல். காலத்தை முதற்பொருளில் வைத்த நம் முன்னோர் முறையின் அருமை இங்கேதான் புரிகிறது.

எண்ணெய்யை நாங்கள் புத்தகத்தில் பார்க்கவில்லை. 2017 ஜனவரி 28 விடியற்காலையில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எர்ணாவூர்க் கரைப் பாறைகளில் கருப்புக் கூழ் வந்து ஒட்டியது. ஆட்கள் வாளியிலும் கையிலும் அதை அள்ளினார்கள். பாறைகளுக்கு இடையில் புகுந்ததை எடுக்க முடியவில்லை. மணற்கரையாக இருந்திருந்தால் வழித்தெடுத்திருக்கலாம். நூற்றாண்டுக்கு முன்னால் மணலுக்கு நடந்தது அன்றைக்கும் வந்து குறுக்கே நின்றது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் பரவியது. வீட்டுச் சுவரில், படகில், வலையில், அலையாத்தி மரங்களின் அடியில், கூழைக்கடாவின் இறகில் எல்லாம் எண்ணெய்ப் பூச்சு. அலையாத்தி சேற்றிலிருந்து மேலே நீட்டுகிற மூச்சுவேர்களால் காற்றை எடுத்துக்கொள்கிறது. எண்ணெய் அந்த வேர்களின் துளைகளை அடைத்துவிடும். அதே மாதக் கடைசியில் கடலுக்கடியில் போகும் ஒரு குழாயில் அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம் மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். காற்று என்று வலது பக்கத்தில் எழுதுகிற சொல்லின் பொருள் அந்த இரவில் குழந்தைகளுக்கும் தெரிந்தது.

கோட்டுக்கு இரு பக்கமும் போக்குவரத்து உண்டு என்பதையும் எண்ணூரே காட்டுகிறது. அலையாத்தி வேர்கள் சேற்றைப் பிடித்து நிறுத்திக் கரையை உண்டாக்குகின்றன. மட்டி, ஆழி போன்ற சிப்பிகள் நீரை வடிகட்டித் தெளிவாக்குகின்றன. உயிரும் உயிரற்றதை மாற்றுகிறது. சில ஆண்டுகளாக அது கெட்ட வழியிலும் நடக்கிறது. தென்னமெரிக்கக் கடலோரத்தைச் சேர்ந்த ஒரு சிப்பி இனம், கப்பல்கள் நிலைப்புக்காக ஏற்றி வந்து வெளியே விடுகிற நீரோடு பல நாடுகளுக்குப் பரவியது. எண்ணூர் மீனவர்கள் அதைக் காக்கா ஆழி என்கிறார்கள். ஆற்றின் அடியில் அது பாய் விரித்ததுபோல் நெருக்கமாகப் படர்ந்து, மஞ்சள் மட்டி வாழ்ந்த இடத்தையும் இறால் புதைகிற சேற்றையும் மூடிவிட்டது. இடது பக்கத்துக்கு வந்து சேர்ந்த ஓர் உயிர், தரையையே வேறாக்கிவிட்டது. அதுவும் துறைமுகத்தின் வழியாக வந்ததுதான்.

பாடத்தின் பயன்

சுற்றுச்சூழல் கல்வி நம் பள்ளிகளுக்குக் கட்டாயப் பாடமாக வந்தது நீதிமன்றத்தின் வழியாக. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991 நவம்பரில், பள்ளிகளில் இதைக் கட்டாயமாகக் கற்பிக்க வேண்டும் என்று கூறியது. அதே 1991-ல், பிப்ரவரியில், கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை வந்தது. கடலோரத்தில் எந்த நிலம் பாதுகாக்கப்பட்டது என்பதை அது ஓதத்தைக் கொண்டு முடிவு செய்தது: ஓதநீர் எதுவரை ஏறுகிறது என்பதை வைத்தே எல்லை கணக்கிடப்பட்டது. அதன்படி 1996-ல் ஒப்புதல் பெற்ற வரைபடம் எண்ணூர்க் கழிமுகத்தைப் பாதுகாக்க வேண்டிய ஓதநீர்ப் பகுதியாகக் காட்டியது. குப்பத்து மக்கள் தங்கள் வழக்குகளில் அந்த வரைபடத்தைத்தான் எடுத்து வைத்தார்கள். 1997 முதல் பெரிய திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயமானது. அங்கே வைக்கப்படும் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையைப் பிரித்துப் பார்த்தால், நாம் கரும்பலகையில் போடுகிற அதே பட்டியல்தான் உள்ளே இருக்கும்: காற்று, நீர், மண், வெப்பம், ஒலி, பிறகு செடி, மீன், பறவை.

அதனால்தான் வலது பக்கத்தை நிதானமாக நடத்த வேண்டும் என்கிறேன். கழிமுகத்தை ஒட்டிய ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு பேரேடு இருக்கட்டும். மாதத்துக்கு ஒருமுறை நீரின் சூடு எவ்வளவு, உப்பு எவ்வளவு, முகத்துவாரம் திறந்திருக்கிறதா, நீரோட்டம் தெண்டியா வன்னியா, அடிச்சேற்றின் நிறமும் இளக்கமும் எப்படி என்று பிள்ளைகள் எழுதட்டும். ஒரு வெப்பமானியும் உப்பளத்தில் பயன்படுத்துகிற மானியும் போதும். மீதியைச் சொல்லித்தர குப்பத்துப் பெரியவர்களும் இருளர் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பள்ளிக்கு அழைத்து நாற்காலி போட்டு உட்காரவைத்துப் பாடம் கேட்க வேண்டும். ஒரு வகுப்பு எழுதியதை அடுத்த வகுப்பு தொடரட்டும். இருபது ஆண்டு எழுதினால், அந்தக் கழிமுகத்தைப் பற்றி அங்கே வாழ்கிறவர்களே அளந்து எழுதிய ஆதாரம் கையில் இருக்கும்.

என்னிடம் படித்த பையன் ஒருவன் ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்தில் எழுந்து நின்று, வெளியேற்றும் நீரின் சூடு எந்த மாதத்தில், ஓதம் ஏறும்போதா இறங்கும்போதா அளந்தீர்கள் என்று கேட்டான். அறிக்கையில் அதற்குப் பதில் இல்லை. அது ஆறாம் வகுப்புக் கேள்விதான். அதைக் கேட்கத் தெரிந்த பிள்ளைகள் ஒவ்வொரு குப்பத்திலும் இருக்கும்படி செய்வதே இந்தப் பாடத்தின் வேலை.